விசாவுக்கு நடந்த பெண் பார்க்கும் படலம்

முதலில் மன்னிப்புக் கேட்டுவிடுகிறேன். என் கையெழுத்து கோழி கிளறினது போல இருக்கும். ஐந்தாம் வகுப்போடு நானும் பள்ளிக்கூடமும் பிரிந்துவிட்டோம் (இரண்டு பகுதிக்கும் சந்தோஷம்). எங்கே ர, எங்கே ற என்பதெல்லாம் எனக்கு இன்றைக்கும் குத்துமதிப்புத்தான். திருத்தி வாசியுங்கள்.

அப்டன் பார்க்கில் ஒரு சாப்பாட்டுக் கடையின் குசினியில் வேலை செய்கிறேன். பெரிய கூச்சக்காரன். பஸ்ஸில் மணியை அழுத்தினால் எல்லாரும் திரும்பிப் பார்ப்பார்களே என்று, வேறு யாராவது இறங்கும் இடத்தில் இறங்கி நடந்து வருகிற ஆள். இப்படிப்பட்ட வீரன்தான் ஊரிலிருக்கும் அம்மாவையும் தங்கச்சி வசந்தியையும் லண்டனுக்குக் கூப்பிடக் கிளம்பினேன்.

வசந்திக்கு நாற்பத்தொரு வயது. பிறந்ததிலிருந்து கால்கள் இயங்காது, வலது கையும் சொல்வழி கேளாது. வாய் மட்டும் இரண்டு ஆளின் வேலை செய்யும். அவளைத் தூக்கிக் குளிப்பாட்டி உடுப்பாட்டுவது எழுபத்தெட்டு வயது அம்மா. போன வருடம் தூக்கும்போது இரண்டு பேருமாக விழுந்து, மத்தியானம் வரை நிலத்திலேயே கிடந்திருக்கிறார்கள். வசந்திதான் சொன்னாள். அம்மாவைக் கேட்டால், "சும்மா கொஞ்சம் படுத்திருந்தனாங்கள்" என்றார்.

அவர்களைக் கூப்பிட இந்த நாட்டில் ஒரு வழி இருக்கிறது. வழி என்றா சொன்னேன்? ஊசிக் கண். வருகிறவர் தன் வேலையைத் தானே செய்ய முடியாத அளவுக்கு நோயாளியாக இருக்க வேண்டும், ஆனால் விமானத்தில் ஏறி வரும் அளவுக்குச் சுகமாகவும் இருக்க வேண்டும். ஊரில் காசு கொடுத்தாலும் பார்க்க ஆள் கிடைக்கக் கூடாது, இங்கே கூப்பிடுகிறவனிடம் மட்டும் காசு இருக்க வேண்டும். இதைக் கண்டுபிடித்தவர்கள் பெரிய படிப்புப் படித்திருப்பார்கள். ஐந்தாம் வகுப்புக்காரனால் ஏலாது.

லண்டனிலேயே எட்மண்டன் பக்கம் இருக்கிற என் சொலிசிட்டர், விசா வழக்கறிஞர், ஒரு ஏற்பாடு செய்தார். தாயும் மகளும் எப்படிச் சீவிக்கிறார்கள் என்று ஒரு வெள்ளைக்கார அம்மையார் வீடியோவில் பார்த்து அறிக்கை எழுதுவார். மொழிபெயர்க்கத் தமிழ்நாட்டுப் பிள்ளை ஒருத்தி.

இதை நான் அம்மாவுக்கு எப்படி விளக்கினேன் தெரியுமா? "அம்மா, நாளைக்கு ஒரு வெள்ளைக்கார அம்மா உங்கள் இரண்டு பேரையும் பாக்க வாறா. கேக்கிறதுக்கு வடிவாப் பதில் சொல்லுங்கோ." அவ்வளவுதான். 'ஏலாது என்று சொல்லுங்கோ' என்று பெற்ற தாய்க்குச் சொல்லிக்கொடுக்க எனக்குக் கூச்சம். (கூச்சமாம், கத்தரிக்காயாம்!)

அடுத்த நாள் சொலிசிட்டரின் அறையில் அவர்கள் மூன்று பேரோடும் இருந்து திரையைப் பார்க்கிறேன். அம்மா தன் கலியாணக் கூறைச் சேலையில். எப்போதும் ஊன்றி நடக்கிற பொல்லைக் காணவில்லை. மொழிபெயர்க்கும் பிள்ளை தேன் குரலில் தொடங்கினாள்:

"வணக்கம்மா. மேடம் உங்க பொண்ணைப் பார்க்கணும்னு சொல்றாங்க."

எங்கள் பக்கத்தில் மகளை மகள் என்போம். 'பொண்ணு பார்க்க' வருவதை அம்மா தொலைக்காட்சி நாடகத்தில்தான் கேட்டிருக்கிறார். அங்கே எதற்கு வருவார்கள் என்பது உங்களுக்கும் தெரியும். அம்மாவின் முகம் முழுநிலவாயிற்று. எங்களை அரை மணி நேரம் காக்க வைத்து, பட்டுச் சேலையும் தலை நிறையப் பூவுமாக வசந்தியைத் தள்ளிக்கொண்டு வந்தார். அவளுடைய சக்கர நாற்காலியின் சில்லுகளை இன்னொரு சேலை மூடியிருந்தது.

"அண்ணை, இது ஆருக்கு?" என்றாள் என்னைப் பார்த்து. நான் மேசையைப் பார்த்தேன்.

"உங்க பொண்ணு சமைப்பாங்களா?"

"அவளோ? அவள் வைக்கிற மீன் குழம்புக்கு அயலே வாசலில நிக்கும்."

"அம்மா!" என்றாள் வசந்தி.

"நீ சும்மா இரு."

"உங்களுக்கு உடம்பு எப்படிம்மா?"

அம்மா எழுந்து, ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டினார். "ஒரு வருத்தமும் இல்லை. எங்கட பரம்பரையிலயே வருத்தம் இல்லை."

"பக்கத்துல பார்த்துக்க ஆள் இருக்காங்களா?"

"ஊர் முழுக்க எங்கட சனம். வீடும் வளவும் பிள்ளையின்ர பேரிலதான். கிணறும் பங்கில்லாத கிணறு!"

சீதனத்தையும் சொல்லி முடித்தாயிற்று. ஒரு வார்த்தை, 'அம்மா, இது சம்பந்தம் இல்லை' என்று ஒரே ஒரு வார்த்தை நான் சொல்லியிருக்கலாம். மூன்று படித்த ஆட்களுக்கு முன்னால் வாய் திறக்க வெட்கப்பட்டு, கைகட்டி இருந்தேன், மூதேவி.

கடைசியில் அம்மா, "உங்களுக்கு மகன்மார் இருக்கினமோ?" என்று கேட்டார். அம்மையார் சிரித்துக்கொண்டு, ஒரு மகன், டாக்டருக்குப் படிக்கிறார் என்றார். அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அறிக்கையை வாசித்த சொலிசிட்டர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "இதை அனுப்பினால், உம்மைப் பராமரிக்க அவையிட்ட அனுப்பச் சொல்லுவினம்."

இன்னொருமுறை பார்க்க ஏற்பாடாயிற்று. அம்மா சீறினார். "பாத்திட்டு ஒரு பதிலும் சொல்லாமல் போனவை, திரும்பவும் வருகினமோ? எங்களுக்கு மானம் இல்லையோ?"

அப்போதுதான் வேர்த்து விறுவிறுத்து, இது விசாவுக்கு, ஏலாது என்று சொன்னால்தான் தருவார்கள் என்று உண்மையைச் சொன்னேன். 

"என்ர பிள்ளைக்கு ஏலாது எண்டு என்ர வாயால சொல்லச் சொல்லுறியோ, தம்பி?"

 வசந்திதான் போனை வாங்கினாள். "நான் சொல்லுறன் அண்ணை. எனக்கு ஏலாது. அம்மாவுக்கும் இனி ஏலாது. அதை அவ சொல்லமாட்டா, நான் சொல்லுறன்."

சொன்னாள். இரண்டாம்முறை அம்மையார் பார்த்தபோது ஒன்றையும் மறைக்காமல், விழுந்து கிடந்த அந்த மத்தியானத்தையும் சொன்னாள். அம்மா பக்கத்தில் சுவரைப் பார்த்துக்கொண்டு இருந்தார்.

அப்படியும் விசாவை மறுத்துவிட்டார்கள். ஊரிலேயே சம்பளத்துக்கு ஆள் பிடிக்கலாமாம். (ஆள் பிடித்துத் தாருங்களேன், உங்கள் காலில் விழுகிறேன்.) எப்படிச் சொல்வது என்று போனில் மென்று விழுங்கினேன்.

"என்ன, மாப்பிள்ளை வீட்டார் வேண்டாம் எண்டிட்டினமோ?" என்றாள் வசந்தி. "விடுங்கோ. எனக்கும் அந்தக் குளிர் நாட்டு மாப்பிள்ளையைப் பிடிக்கேல்லை."

பின்னால் அம்மா சிரிக்கும் சத்தம் கேட்டது.

மேன்முறையீடு போட்டிருக்கிறோம். எங்கள் வீட்டில் இப்போது குடிவரவு அலுவலகத்துக்கு 'மாப்பிள்ளை பகுதி' என்றுதான் பேர். ஒவ்வொரு ஞாயிறும் அம்மா கேட்பார்: "மாப்பிள்ளை பகுதி என்னவாம்?"

"யோசிக்கினமாம் அம்மா."

"யோசிக்கட்டும். எங்கட பிள்ளையைத் தூக்க எனக்கு இன்னும் கையிருக்கு" என்பார். இன்றைக்கு அதைச் சொல்லும்போது அவருக்கு மூச்சு வாங்கியது. போனை வைத்துவிட்டு இதை எழுதினேன்.

ஞாயிற்றுக்கிழமை, 12 ஒக்டோபர் 2025.