எட்டு சிலிண்டரில் பெண் பார்க்கப் போன கதை

கார் கம்பெனியில் வேலை செய்கிறவனுக்குக் காரைப் பற்றி எல்லாம் தெரியும் என்று நம்புவது, ரேஷன் கடையில் எடை போடுகிறவருக்கு நாற்று நடத் தெரியும் என்று நம்புவது மாதிரி. இது இப்போது எனக்குத் தெரியும். ஏழு வருடத்துக்கு முன்பு தெரியாது. அப்போது எங்கள் ஊர் பென்னலூரே என்னைக் கார் நிபுணன் என்று நம்பியது. ஊரைவிட உறுதியாக நான் நம்பினேன்.

ஒரகடம் பக்கம் ஒரு கம்பெனியில் எனக்கு அசெம்பிளி லைன் வேலை. பெயின்ட் அடித்து வரும் காருக்குப் பின்பக்க இடது கதவை மாட்ட வேண்டும். கதவைத் தூக்குவதற்குக்கூட மெஷின் உண்டு. நான் அதை நேராகப் பிடித்து, நாலு போல்ட்டை முடுக்கி, இடைவெளி சரியா என்று பார்த்து, மஞ்சள் பேனாவால் ஒரு பொட்டு வைத்து அனுப்புவேன். அதற்குள் அடுத்த கார் வந்து நிற்கும். (யாராவது என்ன வேலை என்று கேட்டால் "கார் பண்றேன்" என்பேன். முழுப் பொய் என்று சொல்ல முடியாது. நாலு போல்ட் அளவுக்கு உண்மை.)

இந்த லட்சணத்தில் இருந்தவன் கண்ணில்தான் அந்த ஜெர்மன் கார் பட்டது. எவரோ ஒரு வெளிநாட்டு அதிகாரி ஆசையாக ஓட்டிவிட்டு, ஊருக்குத் திரும்பும்போது கைவிட்டுப் போனது. எட்டு சிலிண்டர், தோல் சீட்டு, பொத்தானை அழுத்தினால் நகரும் இருக்கைகள். பக்கத்துத் தெரு ஷெட்டில் பல வருடமாகப் புழுதி தின்றுகொண்டு கிடந்தது. இடம் காலியானால் போதும் என்று ஷெட்காரர் பழைய பைக் விலைக்குத் தள்ளிவிட்டார். டிராக்டரில் கட்டி இழுத்து வந்து வீட்டு வாசலில் நிறுத்தினோம்.

அந்தக் காருக்கு ஸ்பிரிங் கிடையாது, காற்றுப் பைகள்தான். நிறுத்தி வைத்தால் காற்று இறங்கி, மறுநாள் காலை தரையோடு தரையாகக் கிடக்கும். அப்பா பல் தேய்த்துக்கொண்டே வந்து பார்த்தார்.

"மாடு படுத்தா அசை போடும். இது இன்னாத்துக்குடா படுக்குது?" என்றார்.

எனக்குத் துணை மாடி அறையில் குடியிருந்த இசக்கி. திருநெல்வேலிக்காரன், சீட்டுத் தைக்கும் கம்பெனியில் வேலை. நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்தால் ஒரு முழுக் கார் தெரியும் என்று கணக்குப் போட்டோம். கூட்டிப் பார்த்தால் ஒரு கதவும் ஒரு சீட்டும்தான் வரும் என்பது அப்போது உறைக்கவில்லை. எட்டு மாதம் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் போனில் வீடியோ பார்த்துப் பார்த்துக் கழற்றினோம். அம்மா வடாம் காயவைக்கும் இடமெல்லாம் நட்டும் போல்ட்டும் காய்ந்தன. எஞ்சினை மட்டும் பூந்தமல்லியிலிருந்து ஒரு மெக்கானிக் வந்து உயிர்ப்பித்தார். அது முதல் தடவை உறுமியபோது எதிர்வீட்டுக் கோழிகள் ஓடின. எனக்குக் கண் கலங்கிவிட்டது. சத்தியமாகச் சொல்கிறேன், அவ்வளவு சந்தோஷம்.

ஒரு குறைதான். டாஷ்போர்டில் எச்சரிக்கை விளக்குகள் கோயில் சீரியல் செட் மாதிரி எரிந்தன. ஒன்றை அணைத்தால் இன்னொன்று எரியும். கடைசியில் இசக்கி கறுப்பு டேப்பை எடுத்து அத்தனையையும் மூடி ஒட்டினான். "கண்ணுல பட்டாத்தானலே கவலை," என்றான். எனக்கும் அது நியாயமாகவே பட்டது.

பின் கதவு இரண்டும் அடியில் துரு. கழற்றி, தட்டி, பெயின்ட் அடித்து வந்ததும் இசக்கியைக்கூடத் தொட விடவில்லை. இது என் தொழில். நானே மாட்டினேன். சாத்தினால் 'டப்' என்று ஒரு சத்தம் வரும் பாருங்கள், பணக்காரச் சத்தம். தெருவில் போகிறவர்களைக் கூப்பிட்டு நிறுத்திச் சாத்திக் காட்டினேன். கீரை விற்கிற அம்மா மூன்று தடவை கேட்டார்.

அந்தச் சமயத்தில் மாமா, அதாவது அம்மாவின் தம்பி, ஒரு வரன் கொண்டுவந்தார். குன்றத்தூர்ப் பெண். பெயர் பவானி. டிப்ளமோ முடித்துவிட்டு ஏதோ உதிரிபாகக் கம்பெனியில் வேலை என்றார்கள். அதற்குமுன் எனக்கு ஆறு வரன் தட்டிப்போயிருந்தது. ஆறிலும் வராத பதற்றம், இந்தப் பெண்ணின் போட்டோவைப் பார்த்ததும் வந்தது. இது மட்டும் தட்டிப்போகக் கூடாது என்று குன்றத்தூர் முருகனிடமே மனு போட்டேன். மாமா அங்கே பையன் காரே செய்வான் என்று அளந்து வைத்திருந்ததால், காரிலேயே போய் இறங்குவது என்று முடிவு செய்தேன்.

ஞாயிறு மாலை நாலரைக்கு ராகு காலம். அதற்குள் வீட்டுக்குள் கால் வைத்தாக வேண்டும் என்று அம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். ராகு காலம் முடிந்து போகலாம் என்றால், பவானிக்கு அன்று நைட் ஷிஃப்ட், ஆறு மணிக்குக் கம்பெனி பஸ் வந்துவிடும். ஆகவே நாலரைக்கு முன்னால் அல்லது இல்லவே இல்லை.

இசக்கி பின் சீட்டைத் தைத்து முடித்துப் பொருத்தியதே முந்தின நாள்தான். அதில் முதன்முதலாக உட்கார்ந்தது என் அம்மாவும் அப்பாவும். அம்மா மடியில் பூவும் பழமும் வைத்த தட்டு. முன்னால் என் பக்கத்தில் மாமா. அவருக்கு நீளக் கால், அதனால் பொத்தானை அழுத்தித் தன் சீட்டைக் கடைசிவரை பின்னுக்குத் தள்ளிச் சாய்த்துக்கொண்டார். செம்பரம்பாக்கம் ஏரிக் காற்று, எட்டு சிலிண்டர் உறுமல், போகிற வழியெல்லாம் பைக்கில் போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். என் வாழ்க்கையில் நான் அழகாக இருந்தது அந்த முக்கால் மணி நேரம்தான்.

பெண் வீட்டு வாசலில் மணி நாலு பத்துக்கு நிறுத்தினேன். நிறுத்தினேன் என்பதைவிட, அதுவே நின்றது. ஏசி, பாட்டு, எஞ்சின் எல்லாம் ஒரே மூச்சில் அடங்கின. பேட்டரி சார்ஜ் ஆகவில்லை என்று வழியெல்லாம் ஒரு விளக்கு கத்திக்கொண்டு வந்திருக்கிறது, டேப்புக்குக் கீழே.

நானும் மாமாவும் இறங்கிவிட்டோம். பெண்ணின் அப்பாவும் நாலைந்து உறவுக்காரர்களும் கைகூப்பி நின்றார்கள். நான் ராஜாவீட்டு டிரைவர் மாதிரி குனிந்து பின் கதவை இழுத்தேன். திறக்கவில்லை. ஓடும்போது தானாகப் பூட்டிக்கொள்ளும் கார், பூட்டைத் திறக்கக் கரன்ட் இல்லை. சரி, உள்ளேயிருந்து கைப்பிடியை இழுத்தால் பூட்டியிருந்தாலும் திறக்குமே என்று அம்மாவிடம் இழுக்கச் சொன்னேன். இழுத்தாள். கைப்பிடி தொளதொள என்று வந்து போனது. அப்பா பக்கமும் அதே கதை.

"இன்னாடா, கைல ஒண்ணுமே மாட்ட மாட்டேங்குது?" என்றார் அப்பா.

பின் கண்ணாடியை இறக்கக் கரன்ட் வேண்டும். மாமா சாய்த்து வைத்த சீட்டை நிமிர்த்தவும் கரன்ட் வேண்டும். முன் சீட்டு இரண்டுக்கும் நடுவில் புகுந்து வருகிறேன் என்று அப்பா கிளம்பி, இடுப்புவரை வந்து சிக்கிக்கொண்டார். அவரைப் பின்னாலேயே தள்ளி உட்காரவைக்க மூன்று பேர் தேவைப்பட்டது. அதில் ஒருவர் சம்பந்தியாக வரவேண்டியவர். மணி நாலு இருபது. தெரு முழுக்கக் கூட்டம். மாமா என்னைத் தெரியாதவர் மாதிரி தள்ளிப் போய் நின்றார். இதுவும் தட்டிப்போயிற்று என்றே நினைத்தேன்.

அப்போதுதான் உள்ளே இருக்கவேண்டிய பெண், பட்டுப்புடவையும் தலைநிறையப் பூவுமாக வாசலுக்கு வந்தாள். அவளுடைய அம்மா பின்னால் நின்று பல்லைக் கடித்துக் கூப்பிடுவதைக் காதில் வாங்கவில்லை. முன் கதவு வழியாக எட்டிப் பார்த்து, "அத்தை, அதைக் கொஞ்சம் மெதுவா இழுங்க," என்றாள். தொளதொள. என் பக்கம் திரும்பினாள்.

"கதவு யார் மாட்டினது?"

"நான்தான்," என்றேன்.

"உள்ள கேபிள் கோத்தீங்களா?"

அந்தக் கணத்தில் எனக்கு எல்லாம் புரிந்தது. எங்கள் லைனில் நான் பொட்டு வைத்து அனுப்பியதும், அடுத்த ஸ்டேஷன்காரன்தான் கைப்பிடிக் கேபிளைக் கோப்பான். அதற்கு அடுத்தவன் உள் பேனலை அடிப்பான். ஆறு வருடமாக நாலு போல்ட்டோடு என் வேலை முடிந்துவிடும். வீட்டிலும் கை அதே மாதிரி நாலு போல்ட்டோடு திருப்தியாகி, கேபிளைக் கோக்காமலே பேனலை மூடிவிட்டது. மஞ்சள் பொட்டுகூட வைத்திருந்தேன்.

பவானி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு முன் சீட்டில் முழங்கால் போட்டாள். வீட்டுக்குள்ளிருந்து ஒரு ஸ்பூன் கொண்டுவரச் சொன்னாள். அதன் காம்பால் கைப்பிடியைச் சுற்றியிருந்த மூடியை நெம்பி எடுத்து, இரண்டு விரலை உள்ளே விட்டுத் துழாவி, தொங்கிக்கிடந்த கேபிளைப் பிடித்து ஒரு சுண்டு சுண்டினாள். கதவு திறந்தது. கதவு பேனல் செய்கிற கம்பெனியில் தினம் நூற்றுக்கணக்கில் இதைச் சோதித்துப் பார்ப்பதுதான் அவள் வேலையாம்.

அம்மா தட்டோடு இறங்கி, புடவையை நீவிவிட்டு, மணியைப் பார்த்தாள். நாலு இருபத்தெட்டு. படியேறி உள்ளே கால் வைத்த கையோடு மாமாவிடம் சொன்னாள்: "நல்ல நேரத்துலயே பொண்ணு பாத்தாச்சுடா. இனிமே அவங்கதான் சொல்லணும்."

அவர்கள் சொல்வதாகத் தெரியவில்லை. பெண்ணின் அப்பா காப்பியை ஆற்றிக்கொண்டே இருந்தார், குடிக்கவில்லை. கதவு மாட்டத் தெரியாதவனுக்குப் பெண் கொடுப்பதா என்று அவர் யோசிப்பது என் காதில் விழுகிற மாதிரியே இருந்தது. பவானி என்னோடு இரண்டு நிமிடம் பேசவேண்டும் என்றாள். மொட்டை மாடிக்குப் போனோம்.

"எட்டு மாசம் வேலை பாத்திருக்கீங்க. ஒரு தடவையாவது பின்னாடி உக்காந்து பாத்தீங்களா?"

இல்லை என்று தலையாட்டினேன். நான் எப்போதும் ஓட்டுகிற சீட்டில்தான் உட்கார்ந்திருந்தேன். ஏதாவது சொல்லவேண்டுமே என்று, "எங்க லைன்ல அது அடுத்த ஸ்டேஷன் வேலைங்க," என்றேன். (அதைவிட மட்டமான பதிலை மனிதகுலம் சொல்லியிருக்காது.)

அவள் என்னைப் பார்த்தாள். சிரிப்பை அடக்கப் பார்த்து, முடியாமல் சிரித்துவிட்டாள்.

"குடும்பத்துல அடுத்த ஸ்டேஷன்லாம் கிடையாது. தெரிஞ்சுக்குங்க," என்று சொல்லிவிட்டுக் கீழே இறங்கிப் போய், அவள் அப்பாவிடம் சரி என்றாள். ஆறு மணிக்குக் கம்பெனி பஸ் ஏறி ஷிஃப்டுக்கும் போய்விட்டாள். நாங்கள் ஷேர் ஆட்டோ பிடித்து ஊர் திரும்பினோம். காரை இரண்டு நாள் கழித்து வண்டி வைத்து இழுத்து வந்து, கல்யாணத்துக்கு முன்பே விற்றுவிட்டேன்.

அந்த வசனம் மட்டும் விற்றுப்போகவில்லை. பாத்திரத்தைத் தேய்த்துக் கழுவாமல் விட்டால், துணியைத் துவைத்துக் காயப்போடாமல் விட்டால், சமையலறையிலிருந்து ஒரு குரல் வரும்: "அடுத்த ஸ்டேஷன் யாரு?" இசக்கி வந்தால் அவனும் கேட்பான். அப்பா சாப்பிட்ட தட்டை எடுக்காமல் எழுந்து, "நான் என் ஸ்டேஷனை முடிச்சிட்டேன்மா," என்று மருமகளிடமே சொல்லிப் பார்த்து, வாங்கிக் கட்டிக்கொண்டார்.

போன திங்கட்கிழமை என் மகள் பள்ளிக்குக் கிளம்பினாள். யு.கே.ஜி. போகிறாள். ஒரு காலில் ஷூவை மாட்டிவிட்டு, இன்னொரு காலை என் முன்னால் நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஷிஃப்டுக்கு நேரமாகிவிட்டது, நீயே போட்டுக்கொள் என்றேன்.

"என் ஸ்டேஷன் முடிஞ்சிடுச்சுப்பா," என்றாள்.

உள்ளே பவானி சிரிக்கிற சத்தம் கேட்டது. குனிந்து மாட்டிவிட்டேன்.