காட்டுக்கு உள்ளேயா, வெளியேயா?

எம்.கே.பி. நகர், வியாசர்பாடி
ஞாயிற்றுக்கிழமை காலை

அன்பு மைத்துனன் சித்தார்த்துக்கு, குணசேகரன் மாமா ஜெய்பீம் சொல்லி எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் அக்காவும் சௌக்கியம். மணலிக் கம்பெனிகளின் புகைக்காற்று இரண்டு நாளாக எங்கள் ஜன்னலுக்கு வராமல் வேறு யாருடைய ஜன்னலுக்கோ போயிருக்கிறது. அவர்களும் சௌக்கியமாக இருக்க வேண்டும். ஓசூரில் நீயும் மகிழினியும் பிள்ளைகளும் தும்மல் இருமல் இல்லாமல் இருப்பீர்கள் என்று நம்பி மேலே எழுதுகிறேன்.

போன வாரம் போனில் கேட்டாய், "மாமா, அரையாண்டு லீவுக்குப் பசங்கள முதுமலைக்கு இட்டுகினு போறேன். நீ போய்ட்டு வந்தவன். காட்டுக்கு உள்ள தங்கறதா, வெளிய தங்கறதா? ஒரே வார்த்தைல சொல்லு" என்று. துறைமுகத்தில் முப்பத்தாறு வருஷம் கிரேன் ஓட்டியவன் நான். ஒரே வார்த்தையில் பேசிப் பழக்கம்தான். ஏற்று, இறக்கு, நிறுத்து. அதற்கு மேல் அங்கே பேச்சு கிடையாது. ஆனால் உன் கேள்விக்கு ஒரு வார்த்தை போதாது, போனில் சொன்னால் நடுவில் சிரித்துத் தொலைப்பாய். அதனால்தான் இந்தக் கடிதம். பொறுமையாகப் படி.

நாங்கள் காட்டுக்குப் போனதே வேடிக்கை பார்க்க அல்ல. சித்திரையில் உன் அக்காவுக்கு வீசிங் வந்து மூன்று நாள் ஆஸ்பத்திரியில் இருந்தது உனக்குத் தெரியும். அந்த டாக்டரம்மா டிஸ்சார்ஜ் சீட்டில் கையெழுத்துப் போடும்போது, "மரம் இருக்கிற ஊருக்கு நாலு நாள் கூட்டிட்டுப் போங்க" என்றார்கள். நம்ம பிளாக்கில் ஒரு மரம் இருக்கிறது, ஆனால் அதில் கேபிள் டிவி பெட்டி மாட்டியிருப்பதால் அது கணக்கில் வராது. எங்கள் பெண் எழில்மொழிதான் கம்ப்யூட்டரில் தேடி, முதுமலையில் இரண்டு இடம் காட்டினாள். ஒன்று காட்டுக்கு உள்ளே, இரண்டே அறை உள்ள தங்கும் விடுதி. டிவி இல்லை, போனில் சிக்னல் இல்லை, சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் வாசற்படி இறங்கக் கூடாது. இன்னொன்று காட்டின் வாசலில் உள்ள ஊரில், ‘புலிக்குகை காட்டேஜ்’ என்று பெயர். டிவி, வெந்நீர், எதிரே டீக்கடை, பக்கத்தில் பஸ் ஸ்டாண்டு. புத்தி உள்ளவன் எதைத் தேர்ந்தெடுப்பான்? நான் வெளியே என்றேன். உன் அக்கா உள்ளே என்றாள்.

"இன்னாயா நீ? பஸ்சு புட்சி, ரயிலு புட்சி, மலை ஏறி எறங்கி அவ்ளோ தூரம் போறது டீக்கடையாண்ட குந்திக்கினு கீறதுக்கா?" என்று கேட்டாள். "காலைல எனக்கு டீ இல்லாம ஆவாது தாயம்மா" என்றேன். "டீக்காகப் பொண்டாட்டிய விட்ருவான்யா இந்த ஆளு" என்று மாடிப்படியில் நின்று எல்லோருக்கும் அறிவித்தாள். ஒரு வாரம் இந்தச் சண்டை நடந்தது. கடைசியில் எதிர்வீட்டு பதுருன்னிசா, உன் அக்காவோடு பதினைந்து வருஷம் தையல் கம்பெனிக்கு ஒரே பஸ்ஸில் போனவள், நடுவில் புகுந்தாள். "ரெண்டு நாளு அவரு சொன்ன எடம், ரெண்டு நாளு நீ சொன்ன எடம். இனிமே இந்தப் படில யாரும் சண்டை போடக் கூடாது, எனக்குத் தலை வலிக்குது" என்று தீர்ப்புச் சொல்லிக் கதவைச் சாத்திக்கொண்டாள். அப்பீல் இல்லை.

முதல் இரண்டு நாள் வெளியே. உண்மையைச் சொல்லிவிடுகிறேன், காட்டேஜில் சில குறைகள் இருந்தன. பஸ் திரும்பும் இடம் எங்கள் ஜன்னலுக்கு நேர் கீழே. ஒவ்வொரு பஸ்ஸும் காட்டு விலங்குகளுக்குத் தன் வருகையைத் தெரிவித்துவிட்டுத்தான் திரும்பும். பக்கத்து அறையில் நம்ம ஊர்க்காரர்கள் எட்டுப் பேர் ஸ்பீக்கர் பெட்டியோடு வந்திருந்தார்கள். ஜீப்பில் காட்டெருமை காட்டுகிறேன் என்று ஒருவர் அழைத்துப்போனார். மூன்று காட்டெருமை பார்த்தோம், அதில் ஒன்றின் கழுத்தில் மணி கட்டியிருந்தது. கேட்டதற்கு, "பழகினது சார்" என்றார். திரும்பி வந்து கட்டிலில் உட்கார்ந்த பிறகு உன் அக்கா, "இதுக்குக் கொருக்குப்பேட்டை கேட்டாண்டயே நின்னுகினு இருக்கலாம். அங்க கூட்ஸ் வண்டியாச்சும் நெசமா வரும்" என்றாள். ஆனால் எனக்கு அங்கே மனசு நிம்மதியாக இருந்தது. டீ நன்றாக இருந்தது, போண்டா அதைவிட நன்றாக இருந்தது. எங்கள் அறையிலிருந்து ஊர் டாக்டரின் கிளினிக்குக்கு இருநூற்றுப் பன்னிரண்டு அடி தூரம்தான். எண்ணினேன். இரண்டு தடவை எண்ணினேன்.

மூன்றாம் நாள் மதியம் உள்ளே போனோம். விடுதியைப் பார்த்துக்கொண்டு சமையலும் செய்கிற கருணாகரன் என்பவர் எங்களை வாசலிலேயே நிறுத்தி, "சார், சாப்பாட்டுச் சாமான் ஏதாவது கொண்டு வந்திருந்தா என்கிட்ட குடுத்திருங்க. குரங்கு பொல்லாதது" என்றார். ஒன்றுமில்லை என்றேன். இந்த இடத்தில்தான் நான் ஒரு தப்புச் செய்தேன் சித்தார்த். என் மஞ்சள் பையில் காசிமேட்டில் வாங்கிய நெத்திலிக் கருவாடு ஒரு பொட்டலம் இருந்தது. காட்டில் சாம்பார்தான் போடுவார்கள் என்று எழில்மொழி சொல்லியிருந்தாள். நான் ஒரு முன்னேற்பாடாக எடுத்துப்போனேன். உன் அக்காவின் இன்ஹேலரையும், எங்கள் வீட்டில் அதற்குப் பம்பு என்று பெயர், கைக்குச் சட்டென்று கிடைக்க வேண்டும் என்று அதே பையில்தான் வைத்திருந்தேன்.

மறுநாள் காலை ஏழு மணி. உன் அக்கா இன்னும் தூங்கிக்கொண்டிருந்தாள். நான் வராந்தாவில் பையை மடியில் வைத்துக்கொண்டு, டீ எப்போது வரும் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். ஒரு குரங்கு வந்தது. என்னைப் பார்த்தது, பையைப் பார்த்தது, யாரோ தன் சாமானைத் திருப்பித் தர வந்திருப்பதுபோல் வாங்கிக்கொண்டு போய்விட்டது. அவ்வளவுதான், நான் என்ன செய்கிறேன் என்று எனக்கே தெரியவில்லை. கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு அதன் பின்னாலேயே ஓடினேன். விடுதிக்கு நாற்பது அடி தள்ளி ஒரு தண்ணீர்த் தொட்டி, இரும்புக் கால்களில் உயரமாக நிற்கிறது. குரங்கு அதற்குப் பக்கத்து மரத்தில் ஏறிற்று. நான் தொட்டிக்குக் கீழே போய் நின்று நிமிர்ந்தால், மூங்கில் புதரிலிருந்து ஒரு யானையும் அதன் குட்டியும் வெளியே வந்தன. எனக்கும் விடுதி வாசலுக்கும் நடுவில். அறுபத்தொரு வயசில் நான் அந்த ஏணியில் ஏறிய வேகத்தை என் ஃபோர்மேன் பார்த்திருந்தால் ரிட்டையர் ஆக விட்டிருக்க மாட்டார்.

ஆகவே நிலவரம் இது: மேலே தொட்டியில் நான். எனக்கு நேர் எதிரே, அதே உயரத்தில், கையெட்டாத தூரத்துக் கிளையில் குரங்கு. கீழே யானை, மூங்கிலை ஒடித்து நிதானமாகத் தின்கிறது. குட்டி தொட்டியின் கால் ஒன்றில் முதுகைத் தேய்க்கிறது, நான் மேலே ஆடுகிறேன். கருணாகரன் சமையற்கட்டு ஜன்னலிலிருந்து, "சார், அசையாதீங்க, சத்தம் போடாதீங்க, அதுவா போயிரும்" என்று கை காட்டுகிறார். குரங்கு என் கண்ணெதிரே பையைப் பிரித்தது. கருவாட்டைக் கடித்துப் பார்த்துத் துப்பிற்று. நம்ம காசிமேட்டு நெத்திலியைத் துப்பிய ஜென்மத்தை நான் அன்றுதான் பார்த்தேன். அடுத்து பம்பைக் கையில் எடுத்தது.

அப்போது உன் அக்கா கண்ணைக் கசக்கிக்கொண்டு வராந்தாவுக்கு வந்தாள். யானையைப் பார்த்து அப்படியே நின்றாள். பயப்படவில்லை சித்தார்த். குட்டி தும்பிக்கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் சுழற்றிக்கொண்டிருந்ததைப் பார்த்து, புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அப்புறம்தான் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள்.

"யோவ், அங்க இன்னாயா பண்ற?" என்றாள், பாதிக் குரலில்.

"பம்பு! கொரங்கு பம்ப எட்த்துகினு பூட்ச்சி!"

"போனாப் போவுது, நீ கம்முனு குந்து!"

"இன்னா கம்முனு குந்து? உனுக்கு இழுப்பு வந்தா இன்னா பண்ணுவே? இங்க டாக்டரு கீறாரா? ஆஸ்பத்திரி கீதா? போனு கூடப் போவாது! அதுக்குத்தான் தலபாடா அட்ச்சிக்கினேன், வெளிய தங்கலாம் வெளிய தங்கலாம்னு!"

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே தெரிந்தது. யானைகூட ஒரு நிமிஷம் தின்பதை நிறுத்திற்று. உன் அக்கா வராந்தாத் தூணைப் பிடித்துக்கொண்டு என்னையே பார்த்தாள். ஆஸ்பத்திரியில் அந்த மூன்று நாளும் ‘ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை’ என்று சிரித்துப் பேசியே ஓட்டியவன் நான். வெளியே வந்து நான் எங்கே நின்று அழுதேன் என்று இதுவரை யாரிடமும் சொன்னதில்லை, உன்னிடமும் சொல்லப் போவதில்லை.

"அப்ப டீக்காக இல்லியா?" என்றாள்.

"டீக்காகவுந்தான்" என்றேன்.

அவள் புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டாள். பிறகு, "வந்து நாலு நாளாச்சி. மொத நாளு ராவுல அந்தக் காட்டேஜில ஒரு வாட்டி பம்ப அட்ச்சேன். அப்பால அத நான் தொடவே இல்ல. நீ பாக்கலியா?" என்றாள். நான் பார்க்கவில்லை. பம்பு எங்கே இருக்கிறது என்பதையே பார்த்துக்கொண்டிருந்தவன், அதை அவள் கேட்கவே இல்லை என்பதைக் கவனிக்கவில்லை. அன்றைக்குக் காலை ஏழு மணி வரை அவள் தூங்கியதும் அப்போதுதான் எனக்கு உறைத்தது. எங்கள் கல்யாணத்துக்குப் பிறகு தாயம்மா நான்கு மணிக்கு மேல் தூங்கி நான் பார்த்ததே இல்லை.

இதற்குள் குரங்கு பம்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, மூக்குக்கு நேரே பிடித்து ஓர் அழுத்து அழுத்திற்று. ‘புஸ்’ என்று சத்தம். அது போட்ட கூச்சலில் பம்பு ஒரு பக்கம், பை ஒரு பக்கம், குரங்கு ஒரு பக்கம் பறந்தன. யானை குட்டியை முன்னால் விட்டு, எங்களோடு இனி சகவாசம் வேண்டாம் என்பதுபோல் நடந்து போய்விட்டது. நான் இறங்க ஆரம்பித்தேன். ஏணிக்குக் கீழே உன் அக்கா வந்து நின்றாள். "மொள்ள எறங்கு, மொள்ள" என்று என் கணுக்காலைப் பிடித்து ஒவ்வொரு படியாக வைத்தாள். கருணாகரன் பம்பைத் தேடிக் கழுவிக் கொடுத்துவிட்டு, கருவாட்டுப் பொட்டலத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தபடி டீ கொடுத்தார். அந்தப் பார்வையைவிட அவர் நாலு வார்த்தை திட்டியிருக்கலாம். டீயில் புகை நாற்றம் இருந்தது என்பதையும் இங்கே பதிவு செய்கிறேன்.

ஐந்தாம் நாள் கிளம்பும்போது உன் அக்கா, "இன்னொரு நாளு இருக்கலாமாயா?" என்று கேட்டாள். அறை வேறு யாருக்கோ என்று கருணாகரன் சொல்லிவிட்டார். மறுநாள் காலை ரயில் நம்ம ஊர்ப் புகைக்குள் வந்து பேசின் பிரிட்ஜில் நின்றுகொண்டிருந்தபோது, ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தவள் என் பக்கம் கையை நீட்டினாள். கையைப் பிடித்துக்கொள்ளத்தான் நீட்டுகிறாள் என்று நினைத்துப் பிடித்தேன். "அது இல்லயா, பம்பக் குடு" என்றாள்.

ஆகையால் சித்தார்த், அனுபவப்பட்டவன் சொல்கிறேன், உள்ளே தங்காதே. வெளியேதான் உத்தமம். உள்ளே டிவி கிடையாது, பிள்ளைகள் உன்னிடமே பேசிக்கொண்டிருப்பார்கள், நீ பதில் சொல்ல வேண்டி வரும். குரங்குக்கு மரியாதை தெரியாது. யானைக்கு நேரம் காலம் தெரியாது. பறவைகள் விடியுமுன்னே ஆரம்பித்துவிடும், நிறுத்தச் சொல்ல யாரும் இல்லை. சிக்னல் இல்லாததால் உன் மேனேஜர் உன்னைக் கூப்பிட முடியாது, அது உன் உத்தியோகத்துக்கு ஆபத்து. எல்லாவற்றையும்விட, உள்ளே இரண்டு நாள் இருந்துவிட்டால் வீடு திரும்ப மனசு வராது. அந்த வியாதிக்கு மருந்தே கிடையாது. புலிக்குகை காட்டேஜில் மாடி அறையாகக் கேள். என் பெயரைச் சொன்னால் போண்டா சூடாகத் தருவார்கள்.

மகிழினிக்கு எங்கள் அன்பும், பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு முத்தமும். புத்தரின் கருணை உங்கள் வீட்டிலும் உங்கள் மூச்சிலும் நிறைந்திருக்கட்டும். காட்டுக்குப் போகும்போது ஸ்வெட்டர் மறக்க வேண்டாம்.

இப்படிக்கு, உன் நன்மையை மட்டுமே நினைக்கும்,
மாமா
குணசேகரன்

பின்குறிப்பு: நீ எந்தத் தேதியில் போகிறாய் என்று சொன்னதும் எழில்மொழியை விட்டுக் கம்ப்யூட்டரில் பார்க்கச் சொன்னேன். உள்ளே உள்ள இரண்டு அறையில் ஒன்றுதான் காலியாக இருந்தது. நீ சொன்ன அந்த ஐந்து நாளுக்கும் அதை உன் அக்கா பெயரில் நேற்றே போட்டுவிட்டேன். இந்தக் கடிதம் எழுத உட்கார்ந்ததே அதற்குப் பிறகுதான். கோபித்துக்கொள்ளாதே. பகலில் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு உள்ளே வா, அக்காவோடு சாப்பிடு, இருக்கிற எல்லாவற்றையும் நானே காட்டுகிறேன். சாயங்காலம் ஆறு மணிக்குள் மட்டும் வெளியே போய்விட வேண்டும், அது சட்டம்.