இருபத்தொரு வருஷமாகத் தெலுங்கு தெரியாதவன்

திருத்தணி,
விய வருஷம், ஆவணி 10.

காஞ்சிபுரத்தில் சகல சௌக்கியங்களோடும் எழுந்தருளியிருக்கும் தமையனார் கங்காதரன் அவர்கள் சமூகத்துக்கு, தம்பி ஜெகநாதன் தண்டனிட்டு எழுதிக்கொண்டது. மலைமேல் இருப்பவர் தயவால் இவ்விடம் பசுவும் கன்றும் சுகம். மனிதர்களைப் பற்றிக் கீழே எழுதுகிறேன். அண்ணியாருக்கு முதுகுவலி தேவலையா?

நிற்க. என்னை இந்த ஊருக்கு வீட்டோடு மாப்பிள்ளையாக அனுப்பிவைத்தது தாங்கள்தான் என்பதைக் கோபமில்லாமல் ஞாபகப்படுத்துகிறேன். "நம்ம ஜனம்தான்டா. அவங்க வீட்ல இன்னும் தெலுங்கு பேசறாங்க, நமக்குத் தாத்தாவோட போச்சு. வித்தியாசம் அவ்ளோதான்" என்றீர்கள். அந்த அவ்ளோதானில்தான் இருபத்தொரு வருஷமாகக் குடித்தனம் செய்கிறேன். கல்யாணமான மூன்றாம் நாள் நான் சாப்பிட்டுக்கொண்டிருக்கையில் என் மாமியார் கெங்கம்மாள் கதவுக்குப் பின்னாலிருந்து தெலுங்கில் ஏதோ சொல்ல, வீடே சிரித்தது. புதுப் பெண்டாட்டி கௌரியிடம் என்னவென்று கேட்டேன். "ஒன்னுமில்லீங்க, மழ வருமான்னு பேசிகினோம்" என்றாள். அன்று முதல் இந்த வீட்டில் தினமும் மழையைப் பற்றித்தான் பேச்சு. ஊரில் என்னவோ குளம் வற்றிக் கிடக்கிறது.

மாமியார் மாப்பிள்ளையோடு நேருக்கு நேர் பேசும் வழக்கம் இங்கே இல்லை. கதவோடு பேசுவார், தூணோடு பேசுவார். "மாப்ளைக்கு இன்னும் கொஞ்சம் சாதம் வைம்மா" என்று தமிழில் கௌரிக்குச் சொல்லிவிட்டு, அதே மூச்சில் தெலுங்கில் தூணுக்கு ஒன்று சொல்வார். அந்த இரண்டாவது என்னவென்று தெரிந்துகொள்ளாமல் சோறு இறங்குமா? மலையடிவாரக் கடையில் தேங்காயும் கற்பூரமும் விற்றபடி, புத்தூரிலிருந்தும் நகரியிலிருந்தும் வருகிற ஜனங்களிடம் ஒரு வருஷத்துக்குள் தெலுங்கு கற்றுக்கொண்டேன். கற்றுக்கொண்டு வீட்டுக்கு வந்து கேட்டால், தூணுக்குச் சொன்னது 'பனிக்கிரானோடு'. ஒன்றுக்கும் உதவாதவன் என்று அர்த்தம். நான்தான்.

இனிமேல் எப்படி எனக்குத் தெரியும் என்று சொல்வது? சொன்னால் அவர்களுக்கு வெட்கம், எனக்கு அதைவிட. ஆகையால் எனக்கு நானே ஒரு சட்டம் போட்டுக்கொண்டேன்: என் காதுக்கென்று சொல்லாத வார்த்தை எனக்கு அவமானம் ஆகாது. அதைப் பிடித்துக்கொண்டுதான் இத்தனை வருஷம் தலைநிமிர்ந்து சாப்பிட்டேன். ஆனால் அண்ணா, ஒரு பாஷையில் உங்களைத் திட்டுவதை மட்டுமே கேட்டுக் கற்றுக்கொண்டால் என்ன ஆகும் தெரியுமா? தமிழில் யோசித்தால் நான் நாலு பேர் மதிக்கிற ஜெகநாதன். கடையில் ஒரு தேங்காய் அழுகிப்போனால், என்னையறியாமல் என்னையே தெலுங்கில் திட்டிக்கொள்கிறேன், அதுவும் மாமியார் குரலில். அந்தப் பாஷையில் என்னைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை எனக்குத் தெரியவே தெரியாது.

போகட்டும். சித்திரையிலிருந்து புதுப் பேச்சு ஆரம்பித்தது. என் மகள் அன்னம்மாளை அவளுடைய தாய்மாமன் பக்தவச்சலத்துக்குக் கொடுப்பதாம். அவளுக்குப் பதினேழு, அவனுக்கு முப்பத்தாறு. முதல் பெண்டாட்டி அவனிடம் அடி தாங்காமல் தாய்வீட்டுக்குப் போனவள் போனவள்தான். நான் இலையில் உட்காரும்போதெல்லாம் இதே பேச்சு. எனக்குப் புரியாது என்ற தைரியத்தில் என்ன உரக்கப் பேசினார்கள், அண்ணா! நான் வேண்டாம் என்றால், "உமக்கு யார் சொன்னது?" என்று கேட்பார்களே! நாலு மாதம் சோற்றை விழுங்கினேன், பயத்தையும் விழுங்கினேன். அன்னம் மட்டும் மோர் ஊற்ற வரும்போது என் முகத்தையே பார்ப்பாள். தகப்பன் என்று சொல்லிக்கொள்ளவே கூசியது.

போன வெள்ளிக்கிழமை உறவுக்காரர்கள் வந்து தாம்பூலத்தட்டைக் கூடத்தில் வைத்துவிட்டார்கள். என்னைத் தட்டுக்கு எதிரே உட்காரவைத்து, "ஒன்னுமில்ல, சும்மா ஒரு பூஜை" என்று தமிழில் சொன்னார்கள். அப்போது அன்னம், "நைனா" என்றாள். அப்பா என்று அந்த ஒரு வார்த்தைதான். நான் எழுந்துவிட்டேன். "நா கூதுர்னி ஈ பனிக்கிரானோடிகி இய்யனு!" என்று கத்தினேன். என் மகளை இந்த உதவாக்கரைக்குக் கொடுக்கமாட்டேன் என்று. எனக்கென்றே மாமியார் வைத்திருந்த பட்டத்தை எடுத்து அவருடைய பிள்ளைக்குச் சூட்டிவிட்டேன். குரல்கூட மாமியாருடையதுதான்.

பக்தவச்சலம் தட்டை உதைத்துவிட்டுப் போனான். மாமியார் உள்ளே போய்விட்டார். மூன்று நாளாகிறது, என் காது கேட்க யாரும் எந்தப் பாஷையிலும் பேசுவதில்லை. பெண்கள் கிணற்றடிக்குப் போய்க் கிசுகிசுத்துவிட்டு வருகிறார்கள். சோறு வருகிறது, தூணுக்கு ஒரு வார்த்தை வருவதில்லை. வெட்கத்தை விட்டு எழுதுகிறேன், அந்தத் திட்டு இல்லாமல் சாப்பாடு இறங்கவில்லை. கிணற்றடியில் மறுபடி நாள் பார்க்கிறார்களோ என்னவோ. ஆகவே தாங்கள் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் அரக்கோணம் வண்டியில் வந்து, என்னையும் அன்னத்தையும் அழைத்துப்போக வேண்டியது. எனக்கு ஒரு மூலை போதும். அங்கே திட்டுவதானால் தமிழிலேயே திட்டலாம்.

அண்ணியாருக்கு என் நமஸ்காரம், குழந்தைகளுக்கு ஆசீர்வாதம். எல்லோருக்கும் முருகன் நல்ல புத்தியும், அதை நேரத்தில் சொல்ல வாயும் கொடுக்கட்டும்.

இப்படிக்குத் தங்கள் கீழ்ப்படிந்த தம்பி,
ஜெகநாதன்

பி.கு: ஞாயிற்றுக்கிழமை வரவேண்டாம். இன்று காலை இதைத் தபாலில் போடுவதற்குள் கௌரி கடைக்கே வந்துவிட்டாள். "உங்களுக்குத் தெலுங்கு தெரியும்னு அன்னம் பொறக்கறதுக்கு முன்னாடியே அம்மாவுக்குத் தெரியுங்க. தூக்கத்துல அதுலதானே பேசுவீங்க, நான்தான் சொன்னேன்" என்றாள். "பொண்ணு கேக்கறது பெத்த புள்ள. பெத்தவ வாயால எப்டிங்க வேணாம்னு சொல்றது? உங்ககிட்ட நேரா பேசவும் முடியாது. அதான் நாலு மாசமா உங்க காதுல வுழறாப்புல கத்திகினு இருந்தாங்க. இந்த மனுசன் எப்பதான் வாயத் தொறப்பாருன்னு தவிச்சிப் பூட்டாங்க. வெள்ளிக்கிழமதான் நிம்மதியா தூங்கினாங்க. இப்ப உங்க எதிர்ல பேச வெக்கப்பட்டுகினுதான் கெணத்தடிக்குப் போறாங்க."

அன்னம் பிழைத்தாள். அது போதும் என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு என் சட்டம் ஞாபகம் வந்தது. "அப்படின்னா, இருபது வருஷமா தூணுகிட்ட சொன்னதும் என் காதுக்குத்தானா?" என்று கேட்டேன். கௌரி தெருப்பக்கம் திரும்பிக்கொண்டாள். "மழ வர்றாப்புல கீதுங்க" என்றாள்.

வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லை, அண்ணா.