மாமனாரைச் சாக்கில் சுற்றக் கூடாது

உதைத்த உதையில் யூனுஸின் செருப்பு வார்தான் அறுந்தது. ஸ்கூட்டர் ஒரு இருமல்கூட இருமவில்லை.

"வாப்பாவை மண்ணுல வச்சு மூடுனதுக்கப்புறமாவது கிளம்புமா இது?" என்று கேட்டாள் பெண்டாட்டி சௌதா. அழுது அழுது அவள் மூக்கு வீங்கிப்போயிருந்தது. நெஞ்சோடு ஒரு துணிப் பொட்டலத்தை அணைத்திருந்தாள்.

"சூடாகணும்லா. பெட்ரோலுக்குப் பதிலா ஊத்துற ரப்பர் எண்ணெய் அப்படித்தான்."

"நான் சூடாகி ரொம்ப நேரமாச்சு."

நடந்தது இதுதான். காப்பாரிலிருந்து கருவாடு ஏற்றிக்கொண்டு பட்டணத்துப் பிரிக்பீல்ட்ஸுக்கு சைக்கிளில் வரும் நாகையா, மதியம் இவர்கள் வாசலில் கால் ஊன்றி நின்றார். தலைப்பாகையை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டார். "பாவா வீட்டுல மவுத்துங்க. மேரு முக்குல பேசிக்கிட்டாங்க. பொழுது சாயறதுக்குள்ள எடுத்துருவாங்களாம்" என்று தரையைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போய்விட்டார். யார் என்று அவரும் சொல்லவில்லை, இவர்களும் கேட்கவில்லை. நம்ம சனம் சாவு சொல்லும்போது வீட்டைத்தான் சொல்லும், ஆளைச் சொல்லாது. அந்த வீட்டில் மாசக்கணக்கில் இழுப்போடு கட்டிலில் கிடந்தவர் சௌதாவின் வாப்பா, அந்தப் பாவா ஒருவர்தான். இதில் கேட்க என்ன இருக்கிறது?

பாவா சாதாரண ஆளில்லை. காப்பாரில் துணிக்கடை வைத்திருந்தவர். அந்த வட்டாரத்தில் யார் மவுத்தானாலும் உடலைச் சுற்றும் கஃபன் துணி அவர் கடையிலிருந்துதான் போகும், காசு வாங்க மாட்டார். ஜப்பான்காரன் வந்தான், துணி என்ற வஸ்துவே உலகத்தில் இல்லாமல் போனது. உயிரோடு இருப்பவனே சாக்கைக் கட்டிக்கொண்டு திரிகிறான், செத்தவனுக்கு எங்கே போவது? எல்லாரையும் கோணியில் சுற்றித்தான் குழியில் இறக்கினார்கள். கடையில் கடைசியாக மிஞ்சிய வெள்ளை மல்லுத் துணியைப் பாவா மருமகன் கையில் கொடுத்து, "மாப்புள, ஊரையே வெள்ளையில அனுப்புனவன் நான். என்னைச் சாக்குல சுத்திராதீங்க" என்று கேட்டிருந்தார். யூனுஸ் அவர் கையைப் பிடித்துச் சத்தியம் செய்திருந்தான். அந்தத் துணிதான் சௌதாவின் நெஞ்சில் இருந்தது.

கடற்கரைச் சனத்து வழக்கப்படி யூனுஸ் மாமனார் வீட்டோடு மாப்பிள்ளை. பேரும் அரிசிக் கார்டும் இன்னும் காப்பார் வீட்டில்தான். வியாபாரம் செத்த பிறகு பெண்டாட்டியோடு பிரிக்பீல்ட்ஸ் வந்து மரவள்ளிக்கிழங்கு அப்பம் சுட்டு விற்கிறான். கூடவே கொண்டுவந்த ஒரே சொத்து ஸ்கூட்டர். மேரு பக்கத்துத் தோட்டத்து வெள்ளைக்காரத் துரை தப்பித்து ஓடும்போது விட்டுவிட்டுப் போனது அது. ரெண்டு குட்டிச் சக்கரம், கால் வைக்க ஒரு பலகை, அதற்குமேல் ஒரு டப்பா. ஊரில் அதற்குக் குட்டி மோட்டார் என்று பேர். கார், லோரி, சைக்கிள் என்று எல்லாவற்றையும் பிடுங்கிய ஜப்பான்காரன் இதைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போய்விட்டான். "ஒரு சிரட்டை எண்ணெயில பத்து மைலு. எந்த வண்டி போகும் சொல்லு" என்று யூனுஸ் போகிறவன் வருகிறவனிடமெல்லாம் சொல்வான். அப்பம் விற்காத நாளில்கூட அதில் ஏறி சாலாக் செலாத்தான் வரைக்கும் போய் சும்மா ஒரு சுற்று சுற்றிவிட்டு வருவான். அந்தக் கேடுகெட்ட காலத்தில் அவனுக்கு இருந்த ஒரே சந்தோஷம் அது. அதை ஏன் குறை சொல்ல வேண்டும்?

"எண்ணெயில தூசி" என்றான் யூனுஸ், குழாயைக் கழற்றிப் பார்த்து. "வடிகட்டணும். ஒரு துண்டு துணி வேணும்."

"எங்க இருக்கு துணி?"

யூனுஸ் பொட்டலத்தைப் பார்த்தான்.

"வாப்பாவோடதா?" சௌதா பின்னால் நகர்ந்தாள்.

"ஒரு ஓரம் மட்டும். மாமா குள்ளம்தானே. பத்தும்."

ஒரு ஓரம் கிழிந்தது. எண்ணெய் வடிந்தது. யூனுஸ் தள்ளிக்கொண்டு ஓட, ஸ்கூட்டர் டப்டப்பென்று உயிர் பிடித்தது. ஓடுகிற வண்டியில் சௌதா எப்படி ஏறினாள் என்று அவளைத்தான் கேட்க வேண்டும்.

ஊர் எல்லையில் முதல் காவல். அந்தக் காலத்துச் சட்டம் எல்லாருக்கும் தெரியும். ஜப்பான் சிப்பாய் நிற்கும் இடத்தில் இறங்கி, நின்று, இடுப்பு மடங்கக் குனிந்து கும்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும். ஆனால் நின்றால் இந்த வண்டி செத்துவிடும். யூனுஸ் நிறுத்தினான், செத்தது. கும்பிட்டான். பிறகு தள்ளிக்கொண்டு ஓடினான். கிளம்பவில்லை. வேகம் எடுப்பதற்காகத் திரும்பி வந்தான். வந்தால் மறுபடி சிப்பாய் முன்னால். மறுபடி கும்பிட்டான். திரும்பவும் ஓடினான், திரும்பவும் வந்தான். இப்படியே போய்க்கொண்டிருந்தால் பாவாவின் நாற்பதாம் நாள் ஃபாத்திஹாவுக்குத்தான் போய்ச் சேர்ந்திருப்பார்கள். கடைசியில் வண்டி சரியாகச் சிப்பாயின் மூக்குக்கு நேராக உயிர் பிடித்து, கும்பிட விடாமல் அவனை இழுத்துக்கொண்டு ஓடியது.

பிடித்து வந்தார்கள். கன்னத்தில் ஓங்கி ஒரு அறை விழுந்தது. யூனுஸுக்குக் காது இரைந்தது. பெண்டாட்டி முன்னால் வாங்கியது அதைவிட வலித்தது.

பக்கத்தில் நின்ற தமிழ்ப் போலீஸ்காரர் மெதுவாகச் சொன்னார். "பேரு, ஊரு, போற காரியம், மூணையும் உரக்கச் சொல்லுப்பா. முணுமுணுத்தா இன்னொண்ணு விழும்."

"யூனுஸ். காப்பார் பாவா மருமகன். மாமனார் மவுத்து" என்று யூனுஸ் ரோடே கேட்கச் சொன்னான்.

சிப்பாய் அதைக் காதில் வாங்கவில்லை. அவன் கண் ஸ்கூட்டர் மேல் இருந்தது. சின்ன வயசுப் பையன். ஏதோ சொன்னான்.

"ஒரு ரவுண்டு போகணுமாம்" என்றார் போலீஸ்காரர்.

"அண்ணே, மையத்தை அடக்கம் பண்ணப் போறோம்ணே."

"அதை நீயே அவன்கிட்ட சொல்லு."

யூனுஸ் வண்டியின் கைப்பிடியை அவன் பக்கம் திருப்பினான். சிப்பாய் துப்பாக்கியைச் சௌதா கையில் கொடுத்துவிட்டு ஏறினான். ஒரு கையில் துப்பாக்கி, மறுகையில் கஃபன் துணியோடு அவள் மரம் மாதிரி நின்றாள். அவன் ஒரு சுற்று போனான், ரெண்டு சுற்று போனான். சண்டை, சாவு, பட்டினி எல்லாம் மறந்து குழந்தை மாதிரி சிரித்தான். மூணாவது சுற்றில் நேராகச் சாக்கடைக்குள் போனான்.

யூனுஸ் முதலில் தூக்கியது ஸ்கூட்டரை. அது தப்பு என்று உடனே புரிந்து சிப்பாயைத் தூக்கினான். முழங்கால் கிழிந்து ரத்தம் வந்துகொண்டிருந்தது. ரத்தத்தைப் பார்த்ததும் பையனின் முகத்தில் சிரிப்பு போய்விட்டது. இனி யாருக்கு மையம் விழுமோ என்று எல்லாரும் நின்றார்கள்.

"கட்டுப் போடுங்க" என்றாள் சௌதா, தானே துணியைக் கிழித்து நீட்டி. "வாப்பா கோவிச்சுக்க மாட்டாரு. ஊருக்கெல்லாம் குடுத்தவருதானே."

ஜப்பான்காரன் காலில் வெள்ளைக் கட்டு ஏறியது. அவன் துப்பாக்கியை வாங்கிக்கொண்டு கையை ஆட்டினான். போகலாம்.

கெட்ட காலம் வந்தால் ஒட்டகத்தின் மேல் ஏறினாலும் நாய் கடிக்கும் என்பார்கள். இவர்கள் ஏறியிருந்தது ஒட்டகம்கூட இல்லை, தரைக்கு ஒரு முழம் மேலே. பத்து தீகா என்ற ஊரைத் தாண்டியதும் பின் டயர் போனது. டயர் என்றால் கயிறு திணித்த ரப்பர்க் குழாய்தான், அந்தக் காலத்தில் வேறெது? கயிறு வெளியே வந்து பின்னால் வால் மாதிரி இழுத்துக்கொண்டு வந்தது.

"லாலாங் புல்லைத் திணிச்சு மேல இறுக்கிக் கட்டுனா போயிரலாம்" என்றான் யூனுஸ்.

"எதை வச்சுக் கட்டுவீங்க?"

"சௌதா."

"பேரைச் சொல்லாதீங்க. கிழிங்க."

கிழித்தான். தலைப் பக்கத்துத் துண்டு போயே போய்விட்டது. யூனுஸ் வண்டிக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டுக் கட்டிக்கொண்டே அழுதான். "சாக்கு வேணாம்னு ஒண்ணுதான் கேட்டாரு. என் ஆயுசுல அவரு என்கிட்ட கேட்டதே அது ஒண்ணுதான். வீட்டோட வச்சு எத்தனை வருசம் சோறு போட்டாரு" என்றான்.

சௌதா அவன் தோளைத் தொட்டாள். "மிச்சம் இருக்கறதைக் கொண்டுபோய் முகத்தையாச்சும் மூடுவோம். எந்திரிங்க மச்சான், வெயில் சாயுது" என்றாள். மணி பார்க்க வழியில்லை. ஜப்பான்காரன் கடிகார முள்ளையும் அவன் ஊர் நேரத்துக்குத் தள்ளிவிட்டான், சூரியனை மட்டும்தான் நம்ப முடிந்தது.

பாதி வழி தாண்டியதும் புகைக்குழாய் கழன்று தொங்கியது. அதையும் துணி வைத்துச் சுற்றினார்கள். துணி தீய்ந்தது, கரி பறந்தது. ரப்பர் கருகின நாற்றத்தோடு அத்தனை புகையும் இவர்கள் முகத்தில்தான் படிந்தது. கிள்ளான் பாலத்துக் காவலில் இறங்கும்போது ரெண்டு பேருக்கும் கண்ணும் பல்லும் மட்டும்தான் வெள்ளை. யூனுஸ் இந்தத் தடவை பாடம் படித்திருந்தான். தூரத்திலேயே இறங்கி, நன்றாகக் குனிந்து கும்பிட்டு, கேட்பதற்கு முன்னாலேயே, "யூனுஸ், காப்பார் பாவா மருமகன், மாமனார் மவுத்து" என்று கத்தினான். சிப்பாய் மூக்கைப் பொத்திக்கொண்டு விரட்டினான். காப்பார் ரோட்டுக் காவலிலும் அதே கும்பிடு, அதே கத்தல்.

"இவ்வளவு சத்தமா சொல்லணுமா?" என்றாள் சௌதா.

"கேட்கலைன்னா அறைவான். உனக்கென்ன தெரியும்?"

காப்பார் கம்பத்துத் தெருவுக்குள் நுழைந்தபோது வானம் சிவந்துவிட்டது. முக்குக் காப்பிக் கடையில் உட்கார்ந்திருந்த கன்னையா, யூனுஸோடு தினமும் டாம் காய் நகர்த்தி ஆடினவர், வண்டியைப் பார்த்ததும் எழுந்தார். கையிலிருந்த குவளை விழுந்தது. கடைக்குள் ஓடிப் பலகையைச் சாத்திக்கொண்டார்.

"என்ன இவரு, துக்கம் கேட்காம ஓடறாரு?" என்றான் யூனுஸ்.

"உங்க மூஞ்சியக் கண்ணாடியில பாத்தீங்களா? பேய் மாதிரி இருக்கு. நானே பயந்து போய்த்தான் உக்காந்திருக்கேன்."

கொஞ்சம் தள்ளி இராஜம்மா அக்கா விறகுக் கட்டோடு வந்தாள். தீபாவளிக்குத் தீபாவளி பாவா கடையில் யூனுஸிடம் சேலை எடுத்தவள். விறகைப் போட்டுவிட்டுக் கை கூப்பினாள். "பாவம்யா நீ. யாரையும் தொந்தரவு பண்ணாம போய்ச் சேருப்பா" என்றாள் நடுங்கிக்கொண்டே. வாசலில் நின்ற பிள்ளைகளை யாரோ உள்ளே இழுத்துக் கதவடைத்தார்கள்.

"ஊரு நல்லா பண்பாத்தான் இருக்கு. மாமாவுக்கு என்ன மரியாதை பாரு, தெருவே அடைச்சுக் கிடக்கு" என்றான் யூனுஸ். அதைச் சொன்னதும் அவனுக்கு மறுபடி அழுகை வந்துவிட்டது.

அடக்கம் செய்யும் மையவாடிக்குத் திரும்பும் இடத்தில் மண்வெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு அப்துல் மஜீத் வந்தார். பாவாவுக்குப் பக்கத்து வீட்டுக்காரர். காப்பாரில் குழி வெட்டுவது அவர்தான். யூனுஸ் வண்டியை அப்படியே கீழே போட்டுவிட்டு ஓடினான்.

"மஜீது அண்ணே, அடக்கம் ஆயிருச்சா?"

மஜீத் அவனை மேலும் கீழும் பார்த்தார். ரோட்டின் ரெண்டு பக்கமும் பார்த்தார். "ஆயிருச்சு" என்றார்.

"சாக்குலயா?"

"சாக்குலதான்."

யூனுஸ் அந்த இடத்திலேயே உட்கார்ந்துவிட்டான். கையில் மிச்சமிருந்த துணியை விரித்தான். கைக்குட்டை அளவுகூட இல்லை, அதிலும் பாதி கரி. "சத்தியம் பண்ணிக் குடுத்தேண்ணே. ஒரு மனுசனை வெள்ளையில அனுப்ப வக்கில்லாமப் போச்சு எனக்கு" என்று தலையில் அடித்துக்கொண்டு அழுதான். சௌதா பக்கத்தில் நின்று சத்தமில்லாமல் அழுதாள்.

மஜீத் அவன் கக்கத்தில் கை கொடுத்துத் தூக்கினார். தூக்கிய வேகத்தில் ரோட்டோரத்து வாழைத் தோப்புக்குள் இழுத்துக்கொண்டு போனார். சௌதாவும் பின்னாலேயே ஓடினாள்.

"வர்ற வழியில உங்களை யாராச்சும் பாத்தாங்களா?" என்று கேட்டார்.

"பாக்காத ஆளு யாரு?" என்றாள் சௌதா, முகத்தைத் துடைத்துக்கொண்டு. "ஒரு காவல் விடாம பேரையும் ஊரையும் கத்திக் கத்திச் சொல்லிட்டுத்தான் வந்தாரு. ஒரு சிப்பாய்க்குக் காலுல கட்டுக்கூட போட்டுவிட்டோம்."

மஜீத் மண்வெட்டியைக் கீழே வைத்தார். அதன்மேலேயே உட்கார்ந்தார். ரெண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டார்.

"போனவன் திரும்பாத சயாம் ரயில் ரோடு போட ஆள் பிடிக்கிறவங்க காலையில உங்களைத் தேடி வீட்டுக்கு வந்துட்டாங்க மாப்புள, உங்க மாமாதான் கட்டில்ல படுத்தபடியே நீங்க காலராவுல போயிட்டீங்கன்னு சொல்லி அழுதாரு, ஒரு வாழைத்தண்டைச் சாக்குல சுத்தி, அவங்க கண்ணு முன்னால இப்பத்தான் உங்களை அடக்கம் பண்ணிட்டு வர்றேன்."