ஆசிட்டுக்கு இரண்டு பூட்டு

என் மாமியார் தாகத்தோடு சோடா பாட்டிலைத் திறந்து வாய்க்குக் கொண்டுபோனார். மூக்கு கூர்மையானவர், பிழைத்தார். உள்ளே இருந்தது கழிவறை கழுவும் ஆசிட். கடைக்காரர் பழைய பாட்டிலில் ஊற்றிக் கொடுத்ததை, என் மனைவி தண்ணீர்க் குடத்துக்குப் பக்கத்தில் வைத்திருந்தாள்.

மாமியாரிடம் ஆசி வாங்கலாம். ஆசிட் கொடுத்த மாப்பிள்ளை என்று பெயர் வாங்கக் கூடாது.

நான் ஒரு ரசாயனக் கிடங்கில் பாதுகாப்பு அதிகாரி. அங்கே ஆயிரம் பீப்பாய்கள் என் பேச்சுக்குக் கட்டுப்பட்டு நிற்கும். வீட்டில் ஒரு பாட்டில்கூட மதிப்பதில்லை. அன்றே முடிவெடுத்தேன்: இனி வீட்டிலும் கிடங்குச் சட்டம்.

இரண்டு இரும்புப் பெட்டிகள் வாங்கிவந்தேன். ஒன்றில் ஆசிட், பெயர் ஒட்டிய கெட்டி மூடி பாட்டிலில். இன்னொன்றில் பிளீச்சிங் பவுடர், வீட்டின் மறுகோடியில். இரண்டுக்கும் பூட்டு மாட்டினேன். சாவிகளைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு மனைவியைக் கூப்பிட்டேன்.

"ஏங்க, ரெண்டையும் ஒண்ணா வச்சா என்ன?"

"கலந்துச்சுன்னா விஷவாயு! மூச்சு நின்னுடும்."

"ஐயோ! கையில பட்டா?"

"தோல் வெந்துடும்."

"அப்போ விவரம் தெரியாதவங்க தொடலாமா?"

"தொடவே கூடாது! பயிற்சி எடுத்தவங்க மட்டும்தான்."

"நம்ம வீட்டுல பயிற்சி எடுத்தவங்க யாரு?"

நெஞ்சை நிமிர்த்தினேன். "வேற யாரு, நான்தான்."

"அதானே!" என்றவள், மூலையில் இருந்த பிரஷ்ஷை எடுத்து என் கையில் கொடுத்தாள். "பாத்ரூம் வழுக்குது. பாத்துப் போங்க."

பெட்டிக்குத்தான் பூட்டை மாட்டினேன். மாட்டிக்கொண்டது நான்.

கையுறை, கண்ணாடி, முழங்கால்வரை பூட்ஸ் சகிதம் தேய்த்தேன். நிலவில் இறங்கியவன்போல் இருந்ததாக மாமியார் சொன்னார். தேய்க்கும்போதே ஒரு யோசனை வந்தது.

"இதோ பார், உனக்கும் நானே பயிற்சி கொடுத்துடறேன்."

"தாராளமா! முதல்ல நீங்க செஞ்சு காட்டுங்க."

அடுத்த வாரம் செய்து காட்டினேன். கதவோரம் காப்பி டம்ளரோடு நின்று கவனமாகப் பார்த்தாள்.

"புரிஞ்சுதா?"

"அந்த மூலைதான் கொஞ்சம் புரியலை."

மூலையை மறுபடி தேய்த்தேன். அதற்கடுத்த வாரம் குழாயடி புரியவில்லை. பிறகு ஜன்னலோரம். சந்தேகம் கேட்பதில் அவளைப்போல் ஒரு மாணவியை நான் கிடங்கில் கண்டதில்லை. மாதக்கணக்கில் வகுப்பு நடக்கிறது. பாத்ரூம் தரையில் முகம் பார்த்துத் தலைவாரலாம். மாணவி மட்டும் இன்னும் தேறவில்லை.

போன வாரம் எதிர்வீட்டு அம்மா வந்தார். பாத்ரூமை எட்டிப் பார்த்தார். அசந்துபோனார்.

"சார், எங்க வீட்டுலயும் வந்து ஒரு தடவை சொல்லித் தரணும்."

"அதுக்கென்ன, வருவாரு!" என்றாள் என் மனைவி.

அவர்கள் வீட்டில் மூன்று பாத்ரூம்.