லண்டன் சட்டையும் அம்மாவின் பழைய வயிறும்

அளவெட்டி,
சனிக்கிழமை.

அன்பும் மதிப்பும் உள்ள உதயகலா சித்திக்கு,

பெறாமகள் அருந்ததி எழுதுவது. நீங்களும் சித்தப்பாவும் பிள்ளைகளும் அந்தக் குளிருக்குள் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நாங்களும் சுகம் என்று எழுதத்தான் பேனையை எடுத்தேன். கை வரவில்லை. உடம்புக்கு ஒன்றுமில்லை, பட்ட அதிர்ச்சிதான் இன்னும் உடம்பை விட்டுப் போகவில்லை. இதைப் போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் போனில் கதைக்க எனக்குள்ள கூச்சம் உங்களுக்குத் தெரியும். அதோடு, நான் சொல்லப்போவதைச் சத்தமாகச் சொன்னால் மதிலுக்கு அப்பால் கேதீஸ்வரி அன்ரிக்குக் கேட்கும். அவருக்குக் கேட்டால் என்ன நடக்கும் என்பதுதான் இந்தக் கடிதமே.

நீங்கள் அம்மாவுக்கு அனுப்பிய மூன்று நீளச் சட்டைகளும் பத்திரமாகக் கிடைத்தன. மிக்க நன்றி. இனி ஒருபோதும் அனுப்ப வேண்டாம்.

முதலில் இருந்து சொல்கிறேன். எங்கள் குடும்பத்தில் முதன்முதலாக ஒருத்தி பட்டம் வாங்கப் போகிறாள், பெற்றோர் இரண்டு பேரும் மண்டபத்துக்கு வரலாம் என்று நான் சொன்னபோது அம்மா தேங்காய் திருவுவதை நிறுத்தவே இல்லை. “நீயும் அப்பாவும் போயிட்டு வாங்கோ. நான் வீட்டில நிண்டு புக்கை பொங்கி வைக்கிறன்” என்றார். காரணம் உங்களுக்குத் தெரியும். என்னைப் பெற்றபோது வந்த வயிறு அம்மாவுக்கு வற்றவே இல்லை. சேலை கட்டினால் அது தெரியும் என்று அவர் ஒரு விசேஷத்துக்கும் முன்னுக்கு வருவதில்லை. எங்கள் பட அல்பத்தைப் பாருங்கள்: நான் பெரியபிள்ளையான சாமத்தியவீட்டுப் படங்கள் எல்லாவற்றிலும் வயிற்றுக்கு முன்னால் ஒரு தட்டைப் பிடித்தபடி நிற்கிறார். பரிசளிப்பு விழாவில் கதிரைக்குப் பின்னால். மாமாவின் கலியாணத்தில் யாரோ ஒருவரின் குழந்தையை வாங்கி முன்னால் வைத்திருக்கிறார். அது யாருடைய குழந்தை என்று இன்றுவரை எங்களில் ஒருவருக்கும் தெரியாது. எனக்கு இருந்தது ஒரே ஆசை: பட்டமளிப்பு உடையில் நான் நிற்க, பக்கத்தில் அம்மா முழுதாக நிற்கிற ஒரு படம்.

அந்த ஆசையைத்தான் உங்களுக்கு எழுதினேன். பார்சல் வந்தது, பின்னாலேயே வட்ஸ்அப்பில் உங்கள் குரலும் வந்தது. பரீட்சைக்குப் படிப்பதுபோல அதைத் திரும்பத் திரும்பக் கேட்டேன். கடும் நிறம் வயிற்றைக் குறைத்துக் காட்டும். நெடுங்கோடு ஆளை உயர்த்தும், குறுக்குக்கோட்டின் பக்கமும் போகக்கூடாது. இடுப்பில் பட்டி கட்டவே கூடாது. நெஞ்சுக்குக் கீழே சுருக்கு வைத்து அப்படியே விரிய விட்டால் வயிறு எங்கே இருக்கிறது என்று எவராலும் கண்டுபிடிக்க முடியாது. சித்தி, நீங்கள் சொன்னதில் ஒரு பிழையும் இல்லை. லண்டனில் வயிறு எங்கே என்றுதான் தேடுவார்களாக்கும். எங்கள் ஊரில் வயிற்றுக்குள் என்ன என்று தேடுகிறார்கள்.

கறுப்புச் சட்டையை அம்மா ஒரு பின்னேரம் போட்டுப் பார்த்தார். தோட்டத்தால் வந்த அப்பா வாசல் படலையிலேயே சைக்கிளை நிறுத்திவிட்டார். “ஆர் மோசம் போனது?” அம்மா சட்டையை இழுத்து விட்டுக்கொண்டார். “சரி, ஆரெண்டு பிறகு சொல்லும். முதல் என்ரை வெள்ளை வேட்டியை எடும்” என்று அப்பா செத்தவீட்டுக்குப் போகிற அவசரத்தோடு கிணற்றடிக்குப் போய்விட்டார். கோடு போட்ட சட்டையைக் கேதீஸ்வரி அன்ரி மதிலுக்கு மேலால் பார்த்துவிட்டு, “கௌரியக்கா, உது மெத்தை தைக்கிற துணியெல்லோ? மிச்சம் கிடந்தால் தாங்கோ, எங்கடையும் கிழிஞ்சு போச்சு” என்றார்.

மிஞ்சியது கருநீலம். நெஞ்சுக்குக் கீழே சுருக்கு, அதற்குக் கீழே குடை மாதிரி விரிவு. அதைப் போட்டுக்கொண்டு அம்மா கண்ணாடிக்கு முன்னால் நேராக நின்றார், பக்கவாட்டில் நின்றார், பிறகு மெல்லச் சிரித்தார். “எடியே, எங்கையடி போயிட்டுது என்ரை வயிறு?” அந்தச் சிரிப்பை நான் அதற்கு முன் கண்டதில்லை. விழாவுக்கு முன் பழகிப் பார்க்கவேண்டும் என்று அன்றே அதோடு மருதனார்மடம் சந்தைக்குப் புறப்பட்டோம். பஸ்சில் கால் வைக்க இடமில்லை. கொண்டக்டர் அம்மாவைக் கண்டதும் முன்னுக்கு இருந்த மீசைக்காரரிடம், “அண்ணை எழும்புங்கோ, அக்கா இருக்கட்டும்” என்று சொல்லி, “றைவர் அண்ணை, பள்ளம் பாத்து மெல்ல விடுங்கோ!” என்றும் கத்தினார். அம்மா இருந்துகொண்டு, “பாத்தியே, உடுப்புக்கு எவ்வளவு மரியாதையெண்டு” என்றார். நான் நிமிர்ந்து பார்த்தேன். அந்த இருக்கைக்கு மேலே ‘கர்ப்பிணித் தாய்மாருக்கு’ என்று எழுதியிருந்தது. அவ்வளவு சனத்துக்கு நடுவில் அதை எப்படி வாய் விட்டுச் சொல்வது? சொல்லவில்லை. சந்தையில் ஒரு மனுசி, “ஆசைப்பட்டதை அடக்கக்கூடாது அக்கா” என்று பச்சை மாங்காய்களை அள்ளிப் பையில் போட்டுக் காசும் வாங்க மறுத்தார். “என்ன நல்ல சனம்” என்றார் அம்மா. அப்போதும் நான் சொல்லவில்லை.

மறுநாள் காலையில் கேதீஸ்வரி அன்ரி மதிலுக்கு மேலால் அல்ல, படலையாலேயே வந்தார், கையில் முருங்கையிலைச் சுண்டலோடு. என்னைக் கிணற்றடிக்குக் கூட்டிப் போய், “பிள்ளை, நீ படிச்சனி, வெக்கப்படக்கூடாது. கடவுள் தாறதை வேண்டாமெண்டு சொல்லேலாது. கொம்மா பிள்ளைத்தாச்சிதானே?” என்று கேட்டார். நான் பேசாமல் நின்றதை அவர் ஓம் என்று எடுத்துக்கொண்டு போய்விட்டார். மத்தியானத்துக்குள் மகளே ஒத்துக்கொண்டாள் என்று கதை பரவிவிட்டது. தேத்தண்ணிக் கடையில் அப்பாவுக்கு, “இந்த வயசிலும் முருகேசண்ணை!” என்று சும்மா தேத்தண்ணி கொடுத்திருக்கிறார்கள். வீட்டுக்கு வந்த அப்பா கோபிக்கவில்லை; அதுதான் எனக்கு இன்னும் பெரிய அதிர்ச்சி. கருநீலச் சட்டையோடு மாங்காய் வெட்டிக்கொண்டிருந்த அம்மாவுக்குப் பக்கத்தில் குந்தி இருந்து, “ஊரெல்லாம் தெரிஞ்ச பிறகே எனக்குத் தெரியவேணும்? நீர் முதல் எனக்கெல்லோ சொல்லியிருக்கவேணும்” என்றார். ஒரு மாங்காய்த் துண்டை எடுத்து அம்மாவின் கையில் வைத்தார்.

“என்னத்தைச் சொல்லுறது?” என்று அம்மா கேட்டு முடிக்கவில்லை, வாசலில் ஸ்கூட்டர் வந்து நின்றது. கர்ப்பிணிகளைப் பதிகிற மிட்வைப் மிஸ்ஸி! “என்னக்கா இது? நாப்பத்தேழு வயசில இப்பிடிப் பதியாமல் இருக்கலாமே? படுங்கோ, பிறஷர் பாப்பம்.”

“ஆருக்கு?”

“உங்களுக்குத்தான்.”

அம்மா மிஸ்ஸியைப் பார்த்தார். அப்பாவைப் பார்த்தார். கையிலிருந்த மாங்காயைப் பார்த்தார். கடைசியாகச் சட்டையைப் பார்த்தார். பிறகு எழும்பி அறைக்குள் போய்க் கதவைப் பூட்டினார். கொஞ்ச நேரத்தில் யன்னலால் சட்டை மட்டும் வெளியே வந்து விழுந்தது. நான் மிஸ்ஸியின் காதுக்குள் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் சிரித்த சிரிப்பில் ஸ்கூட்டர் சரிந்துவிட்டது. போகும்போது அந்தச் சட்டையைத் தூக்கிப் பிடித்து முன்னும் பின்னும் பார்த்து, மடித்துக் கதிரையில் வைத்துவிட்டுப் போனார். அறைக்குள்ளிருந்து அம்மாவின் குரல் வந்தது: “நான் இனி இந்தப் படலை தாண்டமாட்டன். பட்டமும் வேண்டாம், படமும் வேண்டாம்!”

விழா நாள் வரை அந்தப் பேச்சில் மாற்றமில்லை. அன்று காலை ஓட்டோ வந்துவிட்டது. அப்பா வேட்டி சால்வையோடு நிற்கிறார், நான் அழுத முகத்தோடு நிற்கிறேன். அறைக் கதவு திறந்தது. அம்மா தன் கூறைச் சேலையைக் கட்டியிருந்தார், சித்தி! இறுக்கிக் கட்டி, தலைப்பை ஒழுங்காக மடித்துக் குத்தி, கையில் ஒரு பைகூட இல்லாமல். “என்ன பாக்கிறியள்? நான் வீட்டுக்குள்ள ஒளிச்சிருந்தால் சனம் உண்மையெண்டெல்லோ சொல்லும். ஓட்டோ சந்தியில நிக்கட்டும், நாங்கள் நடந்து போவம்” என்றார். நடந்தோம். கேதீஸ்வரி அன்ரியின் படலையில் அம்மா நின்றார். நேராக நின்றார், கண்ணாடிக்கு முன்னால் நின்றதுபோலப் பக்கவாட்டிலும் நின்றார். “கேதீஸ், வடிவாப் பாரும். இது புதுசில்லை. இந்தா நிக்கிறாளே பட்டதாரி, இவளைப் பெத்த பழைய வயிறு!” அன்ரியின் கையிலிருந்த விளக்குமாறு கீழே விழுந்தது. சந்திக்குப் போகும் ஒழுங்கை முடியும்வரை ஒவ்வொரு படலையிலும் இதே வசனம். தேத்தண்ணிக் கடையில் ஆம்பிளைகளுக்கு முன்னாலும் ஒருதரம். நான் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் பின்னால் போனேன்.

விழா முடிந்து படம் எடுக்கும்போது படக்காரர், “அம்மா, பிள்ளைக்குப் பின்னால நில்லுங்கோ” என்றார். “பின்னால என்னத்துக்கு? அதுதான் ஊரே பாத்திட்டுதே” என்று அம்மா முன்னுக்கு வந்து நின்றார். படத்தை இத்துடன் அனுப்புகிறேன். அம்மா முழுதாக நிற்கிறார். அரைவாசி மறைந்து நிற்பது நான். வீடு திரும்பும்போது அப்பா என்னிடம் மெதுவாக, “அப்ப உண்மையிலையே ஒண்டுமில்லையோ, பிள்ளை?” என்று கேட்டார்.

ஆகவே சித்தி, அம்மாவுக்கு இனி வயிற்றை மறைக்கும் சட்டை தேவையில்லை. உங்கள் நல்ல மனதுக்கு நன்றி. அந்த மனதை இனி வேறு பொருளாக அனுப்புங்கள். கும்பிழாவளைப் பிள்ளையார் உங்களுக்கு நோயில்லாத உடம்பையும், எங்களுக்குக் கொஞ்சம் மறதியுள்ள அயலையும் தரட்டும். சித்தப்பாவைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

இன்னும் நெஞ்சிடி அடங்காத,
அருந்ததி

பி.கு.: உறையை ஒட்டுமுன் அம்மா இதை வாங்கி வாசித்தார். ‘இனி ஒருபோதும் அனுப்ப வேண்டாம்’ என்ற இடத்தை வெட்டச் சொல்கிறார். அதே கருநீலத்தில் இன்னும் இரண்டு வேண்டுமாம். ஒன்று தனக்கு, மற்றது மிட்வைப் மிஸ்ஸிக்கு. மிஸ்ஸியின் அளவு அம்மாவின் அளவைவிட ஒன்று கூட. “எங்கடை ஊருக்குத்தான் உண்மை தெரியும், பஸ்சுக்குத் தெரியாதெல்லோ? யாழ்ப்பாணம் வரைக்கும் ஆரடி நிண்டு போறது?” என்கிறார்.