சீராக இரண்டு லட்சம் மைல்

இராஜபாளையம்,
கார்த்திகை 9

அன்பிற்குரிய மாப்பிள்ளை லிங்கேஸ்வரனுக்கு, உன் அக்காளைக் கட்டியதால் உனக்கு அத்தானாகிப்போன சங்கரலிங்கம் எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் அக்கா பொன்மணியும், ஷெட்டில் பேண்டேஜ் துணி நெய்கிற பதினாறு தறிகளும் சௌக்கியம். அங்கே சென்னையில் நீயும் உன் வீட்டாரும், நீ பர்ஸில் வைத்திருக்கும் அந்தக் கறுப்பு கிரெடிட் கார்டும் சௌக்கியமாக இருக்க ஆண்டாளை வேண்டிக்கொள்கிறேன். போன் இருக்கக் கடிதம் எதற்கு என்று கேட்பாய். போனை அணைத்து அரிசி டின்னுக்குள் போட்டு நாலு நாளாகிறது. காரணம் பின்னால் வரும்.

எல்லாம் உன்னால் வந்த வினை. போன ஆவணியில் எங்கள் மகள் சத்யப்பிரியா டொராண்டோவிலிருந்து முழுகாமல் இருக்கிறேன் என்று சேதி சொன்னாள் அல்லவா, தை கடைசியில் பிரசவம், நாங்கள் இருவரும் போய் ஆறு மாதம் கூட இருந்து பார்த்துக்கொள்வது என்று நான் வாய் நிறையச் சொல்லிக்கொண்டிருந்தபோதுதான் நீ வந்தாய். வந்தவன் சும்மா இருந்தாயா? “சிங்கப்பூருக்கு பிசினஸ் கிளாஸ்ல படுத்துக்கிட்டே போனேன் அத்தான், டிக்கெட்டுக்குக் காசே கொடுக்கல, எல்லாம் கார்டு பாயிண்ட்டு” என்று கொளுத்திப் போட்டுவிட்டு, இரண்டு கிலோ பால்கோவாவைக் கட்டிக்கொண்டு ரயிலேறிவிட்டாய். மறுநாளே உன் அக்கா சட்டம் போட்டாள். “இருவத்திரெண்டு மணி நேரம் ஒக்காந்து வர ஒங்க இடுப்பு தாங்காது. எந்தம்பி லிங்கம் மாதிரி படுத்துட்டு வாரதா இருந்தா வாங்க. இல்லன்னா நான் மட்டும் போயிட்டு வாரேன், நீங்க தறியப் பாத்துக்கிட்டு இருங்க” என்றாள். என் இடுப்பின் மேல் அவளுக்கு இத்தனை கரிசனமா என்று கண் கலங்கிவிட்டது. ஆனால் மாப்பிள்ளை, இது முதல் பேரப்பிள்ளை. மெஸ் சாப்பாடு சாப்பிட்டுக்கொண்டு வீடியோவில் கையை ஆட்டுகிற தாத்தாவாக இருக்க எனக்கு மனசில்லை. அந்தப் பிள்ளையை நான் கையில் வாங்க வேண்டும். காசு கொடுத்து பிசினஸ் கிளாஸ் டிக்கெட் எடுக்கலாமே என்பாய். விலை கேட்டேன். அந்த விலைக்குத் தறி இறக்கினால் அது நாளெல்லாம் துணியாவது நெய்யும்.

ஆகவே கார்டு எடுக்கப் பேங்குக்குப் போனேன். அங்கே மாரிச்செல்வி என்று ஒரு பெண், தங்கமான பிள்ளை, மூன்று மணி நேரம் எனக்கு விளக்கினாள். முதல் கார்டில் மைல், அதாவது விமான டிக்கெட்டாக மாற்றிக்கொள்கிற பாயிண்ட், மளமளவென்று சேருமாம், ஆனால் அந்த மைலுக்குரிய விமானம் டொராண்டோ பக்கமே போகாதாம். இரண்டாவது கார்டின் பாயிண்ட்டை எந்த விமானத்துக்கும் மாற்றலாமாம், மாற்றுகிற வழியில் பாதி கரைந்துவிடுமாம். மூன்றாவதற்கு வருஷக் கட்டணமே ஒரு பசுமாட்டு விலை. சரி, இரண்டாவதையே கொடு தாயி என்றால், கம்ப்யூட்டரைத் தட்டிப் பார்த்துவிட்டு முகம் வாடிப்போனாள். “சார், நீங்க இதுவரைக்கும் கடனே வாங்கலயே, ஒங்கள நம்பி எப்பிடி சார் கொடுக்க?” என்றாள். அறுபத்தொரு வயசு வரை எவனிடமும் கைநீட்டாமல் இருந்தது அங்கே குற்றமாகிவிட்டது. கடைசியில் டெபாசிட்டை ஈடாக வைத்து ஒரு கார்டு கொடுத்தார்கள். இதைவிட நல்ல கார்டு இருக்குமோ என்ற நப்பாசையில், கார்டுகளை ஒப்பிட்டுக் காட்டுகிற ஏதோ ஒரு வெப்சைட்டில் என் நம்பரைப் போட்டேன். அவ்வளவுதான், ஒரு நாளைக்கு நாற்பது போன். “அடிக்கடி ட்ராவல் பண்ணுவீங்களா சார்?” என்று ஒருத்தி கேட்டாள். “வாரத்துக்கு ரெண்டு வாட்டி ஸ்ரீவில்லிபுத்தூர் போவேம்மா” என்றேன். “டொமஸ்டிக்கா, இன்டர்நேஷனலா சார்?” “டவுன் பஸ்ஸு” என்றேன். அதற்கும் ஒரு கார்டு இருக்கிறது என்றாள். அன்றைக்குத்தான் போன் அரிசிக்குள் போனது.

இனிமேல்தான் கூத்து. ஒரு ஆளுக்குப் போக மட்டும் ஒரு லட்சம் மைல் வேண்டுமாம். நான் மட்டும் படுத்துக்கொண்டு போய், உன் அக்கா பின்னால் உட்கார்ந்து வரட்டும் என்று ஒரு நாள் யோசித்தேன், ஒளிக்காமல் சொல்கிறேன், ஆனால் டொராண்டோவில் இறங்கிய பிறகு எனக்குச் சோறு போடுவது யார்? அதனால் இரண்டு லட்சம். எல்லாச் செலவையும் கார்டிலேயே தேய்க்க வேண்டும் என்று மாரிச்செல்வி சொல்லியிருந்தாள். எனக்கு ஏது செலவு? எனவே அடுத்தவர் செலவைப் பிடித்தேன். நம் பக்கத்து ஷெட் தனுஷ்கோடி மகன் முத்துப்பாண்டிக்குக் கல்யாணம். ஸ்ரீவில்லிபுத்தூருக்கு முகூர்த்தப் பட்டு எடுக்கப் போனார்கள். நானும் வேனில் ஏறிக்கொண்டேன். “ரொக்கத்த எங்கிட்ட கொடுப்பா, நான் கார்டுல தேய்க்கேன், ஒனக்கு என்ன நட்டம்?” என்று தனுஷ்கோடியைச் சரிக்கட்டி, வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு, நல்ல நேரத்தில், பட்டைத் தட்டில் வைத்துக் கும்பிட்டு, நானே கவுண்டரில் போய்த் தேய்த்தேன். எல்லோரும் சந்தோஷமாக இருந்தார்கள். பெண்ணின் அத்தை பிச்சையம்மாள் மட்டும் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பில்லை எழுத்துக் கூட்டிப் படித்தாள்.

“முகூர்த்தப் பட்டு மாப்பிள்ள வீட்டுக் காசுலதான எடுக்கணும்? பில்லுல சங்கரலிங்கம்னு போட்டிருக்கு! எங்க புள்ளைக்குத் தாலி கட்டப் போறது முத்துப்பாண்டியா, இந்த அறுவது வயசு ஆளா?” என்று கடையே திரும்பிப் பார்க்கும்படி கேட்டாள். காசு தனுஷ்கோடியுடையது, கார்டு மட்டும்தான் என்னுடையது, பாயிண்ட்டுக்காகச் செய்தது என்று நான் டொராண்டோ வரைக்கும் விளக்கினேன். யார் கேட்கிறார்கள்? பெண்ணின் அம்மா அழ, கல்யாணப் பெண் என்னை ஒரு பார்வை பார்த்தாள், அதை இந்த ஜென்மத்தில் மறக்கமாட்டேன். பட்டைத் திருப்பிக் கொடுத்தோம், சேர்ந்த பாயிண்ட்டும் அதோடு போயிற்று. மறுபடி பில் போடுவதற்குள் மணி பத்தரை, ராகு காலம். பன்னிரண்டு வரைக்கும் இருபத்தேழு பேரும் காத்துக் கிடந்து, என் பேரில் மத்தியானச் சாப்பாட்டை எழுதினார்கள். சரி, அதிலாவது நாலு பாயிண்ட் வரட்டும் என்று கார்டை நீட்டினால், அந்த ஓட்டலில் கார்டு வாங்கமாட்டார்களாம்.

இப்போது என் கையில் இருப்பது நாலாயிரத்து முந்நூறு பாயிண்ட். இந்த வேகத்தில் போனால் பேரன் மீசையை முறுக்கிக்கொண்டு என்னை வரவேற்க ஏர்போர்ட்டுக்கு வருவான். ஆகவே நேராகக் கேட்கிறேன். சத்யாவுக்குத் தாய்மாமன் நீ. பிள்ளை பிறந்தால் கொலுசும் அரைஞாணும் வெள்ளியில் போட வேண்டியவன். வெள்ளி விற்கிற விலையில் உனக்கு எதற்கு அந்தச் சிரமம்? உன் கார்டில் சேர்ந்து கிடக்கிற மைலில் இரண்டு லட்சத்தைச் சீராகச் செய்துவிடு. தட்டில் வைத்துக் கொண்டுவர வேண்டியதில்லை, எங்கள் பேருக்குப் போட்டால் போதும். முடியாது என்றால் அது எந்தக் கார்டு, எதில் தேய்த்துச் சேர்த்தாய் என்றாவது எழுது. தை பிறக்க அதிக நாளில்லை.

உன் மனைவிக்கு என் ஆசிகள், குழந்தைகளுக்கு முத்தங்கள், உன் கார்டுக்கு நீண்ட ஆயுள். கவரை நன்றாக ஒட்டி, கூரியரில் போடச் சொல்லி உன் அக்கா கையில்தான் கொடுக்கிறேன். அவள் பிரிக்கமாட்டாள்.

இப்படிக்கு,
இடுப்போடும் நம்பிக்கையோடும் காத்திருக்கும் அத்தான்,
சங்கரலிங்கம்

பின்குறிப்பு: தம்பி லிங்கம், இது அக்கா எழுதுவது. பிரித்துத்தான் படித்தேன். அந்த மனிதருக்கு இடுப்பில் ஒரு கோளாறும் கிடையாது. காபியில் சூடு இல்லை, ஹீட்டர் எதற்கு ஓடுகிறது என்று ஆறு மாதமும் அங்கே நிற்பார், பிள்ளை பெற்றவளைப் பார்ப்பேனா இவரைப் பார்ப்பேனா என்றுதான் நடக்காத ஒன்றைக் கேட்டு வைத்தேன். எனக்கு மட்டும் நீ எடுத்துக் கொடுத்த சாதா டிக்கெட் பீரோவில் சேலைக்கு அடியில் பத்திரமாக இருக்கிறது. நீயும் இதுவரை வாய் திறக்கவில்லை, நல்ல பிள்ளை. ஆனால் நேற்று மத்தியானம் அறைக்குள் எட்டிப் பார்த்தேன். தலையணையை மடியில் வைத்து, கைக்குழந்தையை எப்படித் தூக்குவது என்று பழகிக்கொண்டிருந்தார். கழுத்துக்குக் கை கொடுக்கக்கூடத் தெரியவில்லை. சத்யா பிறந்தபோது ஷெட்டே கதி என்று கிடந்தவர், ஒரு நாள் தூக்கியதில்லை. மைலும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம். நான் போகிற விமானத்திலேயே அவருக்கும் ஒரு சாதா சீட்டு எடுத்துவிடு. கொலுசை வெள்ளியிலேயே போடு. சீட்டு மட்டும் என் பக்கத்தில் வேண்டாமடா, பத்து வரிசை தள்ளிப் போடு. இருபத்திரண்டு மணி நேரம் பாயிண்ட் கதை கேட்க என்னால் ஆகாது.